பந்தும் பலனும்

1897-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், மேல்நாடுகளில் ஈட்டிய கீர்த்தியோடு கொழும்பில் கரையேறி, பாம்பன், இராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் என்று ஊர்தோறும் ஜனங்கள் அளித்த உபசாரங்களை ஏற்றுக்கொண்டு சென்னை வந்து சேர்ந்து, கடற்கரையை ஒட்டிய பழைய ஐஸ்ஹவுஸ் கட்டடத்தில் தங்கியிருந்த சுவாமி விவேகானந்தர், அந்நகரத்தில் நிகழ்த்திய பிரசங்கங்களுள் ஒன்றில், வாலிபர்கள் கீதையைப் படிப்பதைக் காட்டிலும் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்கு இன்னும் சமீபமாகச் செல்வார்கள் என்று சொல்லிவைத்தார். வேதாந்தத்தை இந்திய வாழ்க்கைக்குப் பிரயோகிப்பது எப்படி என்பது அன்றைய பிரசங்கத்தின் விஷயம். பி.ஏ. பரீட்சையும் அதற்கப்பால் சர்க்கார் உத்தியோகமுமே இகபரம் இரண்டும் என்றிருந்த அக்காலத்து இளைஞர் சமூகத்துக்கு, காவி உடுத்த ஒரு துறவியின் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்தது திகைப்பைத் தந்திருக்க வேண்டும். அதன் பிறகு தேகப்பயிற்சி ஆசிரியர்கள் இந்த வாக்கியத்தைத் தங்கள் தொழிலுக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொண்டார்கள்; பக்தர்களோ, சுவாமிகள் ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டார் என்று மெல்ல நகர்ந்துவிட்டார்கள்.

இரு சாராருமே அந்த வாக்கியத்துக்குள் கிடக்கும் சங்கடத்தைக் கவனிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். கீதையின் நடுநாயகமான உபதேசம், கர்மத்தைச் செய், பலனில் பற்று வைக்காதே என்பது. கால்பந்தோ, பலன் ஒன்றையே கண்ணாகக் கொண்ட காரியம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தைச் செலுத்த வேண்டும், எதிரியைவிட ஒரு தடவையாவது அதிகமாகச் செலுத்த வேண்டும் என்ற தாகம் இல்லாவிட்டால் அந்த ஆட்டத்துக்கு உயிரே இல்லை. பலத்தாகத்தை விலக்கச் சொல்லும் நூலைவிட, பலத்தாகத்தாலேயே நடக்கும் ஆட்டம் எப்படி ஒருவனைச் சொர்க்கத்துக்கு அருகில் கொண்டுபோகும்? உடம்பில் வலு இருந்தால்தான் கண்ணனுடைய பேராற்றலும் உபநிஷதங்களின் கம்பீரமும் விளங்கும் என்று சுவாமிகளே காரணம் காட்டியிருக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் வலு மாத்திரமே வேண்டும் என்றால் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் போதுமே! பதினொருவர் சேர்ந்து, வேறு பதினொருவரை எதிர்த்து, வெற்றியும் தோல்வியும் ஊரறிய வெளிப்படும்படி ஆடுகிற ஓர் ஆட்டத்தை அவர் ஏன் எடுத்துச் சொன்னார்?

விளையாட்டுக்கும் தெய்வத்துக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதன்று. உலகங்கள் யாவையும் ஆக்கலும் காத்தலும் அழித்தலும் இறைவனுடைய ஓயாத விளையாட்டு என்று சொல்லித்தான் கம்பர் தம் காவியத்தைத் தொடங்குகிறார். குறையொன்றும் இல்லாத பிரம்மத்துக்கு உலகத்தைப் படைக்க என்ன பிரயோஜனம் இருக்க முடியும் என்ற ஆட்சேபம் வந்தபோது, எல்லாம் நிறைந்த அரசன் ஒருவன் ஏதொரு பயனையும் கருதாமல் விளையாடுவதில்லையா, மூச்சு பயன் கருதியா ஓடுகிறது என்று பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சங்கரர் சமாதானம் சொல்கிறார். இவையெல்லாம் ஆண்டவன் ஆடும் ஆட்டம். மனிதர் ஆடும் ஆட்டத்தையும் நம் பெரியோர் விட்டுவைக்கவில்லை. மாணிக்கவாசகர், பெண்கள் ஆடிய அம்மானையையும் சாழலையும் உந்திபறத்தலையும் தோணோக்கத்தையும் பொன்னூசலையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருவாசகத்தில் வழிபாடாக்கிவிட்டார். பெரியாழ்வாரும் உந்திபறக்கச் சொல்கிறார். ஆட்டத்தின் பெயருக்கு முன்னே ‘திரு’ என்ற அடை சேர்ந்தவுடன், முற்றத்தில் நடந்த ஆட்டம் சந்நிதியில் நடப்பதாகிவிட்டது. ஆனால் இந்த ஆட்டங்களில் யார் ஜெயித்தார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. சாழலில் ஒருத்தி கேட்கிறாள், மற்றொருத்தி விடை சொல்கிறாள். கேட்டவள் தோற்றாள் என்று ஒருவரும் சொல்வதில்லை. கணக்கில்லாத ஆட்டம் எளிதில் பக்தியாகிவிடும். கணக்குள்ள ஆட்டத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

கணக்குள்ள அந்த ஆட்டம் நம்மிடம் வந்த வழியும் வேடிக்கையானது. ராணுவ முகாம்களிலிருந்து ஒரு கிளையும், கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் ஒரு கிளையுமாக அது வந்தது. 1891-இல் ஸ்ரீநகரத்து மிஷன் பள்ளியில் டிண்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார் கால்பந்தைக் கொண்டுவந்து காட்டியபோது, அங்கே படித்த பிராமணப் பிள்ளைகள், இது தோல் அல்லவா, அசுத்தம் அல்லவா என்று கேட்டுத் தொட மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. ஆசிரியர்களைத் தடியோடு மைதானத்தைச் சுற்றி நிறுத்தி, ஆடித்தான் தீர வேண்டும் என்று ஆடவைத்தார். பந்து ஒரு பையனுடைய முகத்தில் பட்டு, தீட்டாகிவிட்டதே என்று அவன் அழுதபோது, வாய்க்காலில் முகத்தைக் கழுவிக்கொண்டு வரச்சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார். இந்தச் சரித்திரத்தை வாசிக்கும்போது எனக்கு இரண்டு மனமாகிறது. பதப்படுத்திய தோலில் தீட்டு இருக்கிறது என்றால், கோயிலில் முழங்கும் மத்தளம் எதனால் ஆனது, சங்க காலத்து வேந்தர்கள் நீராட்டி மாலையிட்டுப் பலி கொடுத்து வணங்கிய முரசம் எதனால் போர்த்தப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது. தோலைத் தொட்டவரைத் தள்ளிவைத்துவிட்டுத் தோலின் நாதத்தை மாத்திரம் உள்ளே அழைத்துக்கொண்ட சமூகம் அந்தப் பையனுடைய கண்ணீருக்கு நியாயம் பேச முடியாது. ஆனால் தடிக்குப் பயந்து ஆடுவது விளையாட்டு ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாதிரியாருக்கு வேண்டியிருந்தது ஆட்டம் அல்ல, ஆட்டத்திலிருந்து விளையும் ஒழுக்கம், தைரியம், கட்டுப்பாடு முதலிய குணங்கள். அந்தப் பலனுக்காக அவர் பந்தை உருட்டினார்.

அப்படிப் பார்த்தால், இந்தப் பந்தை நம்மிடம் தந்தவர்களும் நம்மவரில் அதைப் போற்றியவர்களும் எல்லோருமே ஏதேனும் ஒரு பலனைக் கருதியவர்கள்தாம். ராணுவத்தானுக்குத் தன் ரெஜிமெண்டின் மானம், பாதிரியாருக்குக் குணநலம், சுவாமிகளுக்கு இரும்பு நரம்பு, தேசபக்தருக்குச் சுயராஜ்யம். ஆட்டத்துக்காக ஆட்டத்தை ஆடினவன், ஆடிய பையன் ஒருவனாகத்தான் இருந்திருப்பான்.

1911-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடந்தது இந்த விஷயத்துக்கு நல்ல உதாரணம். 1889-இல் ஆரம்பிக்கப்பட்ட மோகன் பகான் என்ற வங்காளிகளின் சங்கம் அவ்வருஷம் ஐ.எஃப்.ஏ. கேடயத்துக்கான போட்டியில் இறங்கியது. 1905-இல் கர்ஸன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிளந்த புண் அப்போது ஆறவில்லை. ஆட்டக்காரர்களில் கல்லூரியில் வாசிப்பவர், கல்லூரியில் போதிப்பவர், உத்தியோகத்தில் இருப்பவர் என்று பலதரப்பட்டவர் இருந்தனர். தலைவர் சிவதாஸ் பாதுரி சர்க்காரின் கால்நடை இலாகாவில் வேலை பார்த்தவர். ஒருவரைத் தவிர மற்றவர்கள் அனைவரும் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் அணிந்த அந்த ஒருவர், பின்புறத்தில் காவல் நின்ற சுதீர் சட்டர்ஜி, ரெவரெண்ட் என்ற அடைமொழியோடு நினைவுகூரப்படும் கிறிஸ்தவர். ஸ்ரீநகரத்தில் தோல்பந்தைத் தொட மறுத்து அழுத பையன் வளர்ந்து பெரியவனாகியிருக்கக்கூடிய அந்த இருபது வருஷ இடைவெளிக்குள், பிராமணரும் மற்றவரும் கிறிஸ்தவரும் ஒரே சட்டையை அணிந்து அதே பந்தை உதைத்தார்கள் என்பது சமய சரித்திரத்தில் எழுதத்தக்க சங்கதி. யாரும் அதற்கென்று தீர்மானம் நிறைவேற்றவில்லை, சாஸ்திர விசாரம் செய்யவில்லை.

ஜூலை மாதம் 10-ஆம் தேதி அவர்கள் முதலில் எதிர்த்தது ஒரு கல்லூரி அணியைத்தான். செயிண்ட் சேவியர் கல்லூரி மாணவர்கள் மூன்று கோல்களில் தோற்றார்கள். பிறகு ரேஞ்சர்ஸ் சங்கம், அதன் பிறகு ரைபிள் பிரிகேட் என்ற பட்டாளம், அதன் பிறகு மிடில்ஸெக்ஸ் ரெஜிமெண்ட். மிடில்ஸெக்ஸோடு ஆடிய ஆட்டம் முதல் நாள் ஒன்றுக்கொன்று என்று சமமாக முடிந்து, மறுபடி ஆடியபோது மூன்று கோல்களில் ஜெயித்தார்கள். கல்லூரிப் பையன்களை ஜெயித்ததை ஊர் பெரிதாகக் கொண்டாடவில்லை. பட்டாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாயவே வங்காளம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஜூலை 29, சனிக்கிழமை, கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்டோடு கடைசிப் போட்டி. ரயிலிலும் படகிலும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். எண்பதினாயிரம் பேருக்குக் குறையாது என்பது அக்காலத்துக் கணக்கு. மைதானத்தைச் சுற்றி மனிதத் தலைகளே மதிலாக நின்றுவிட்டபடியால், வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டம் கண்ணில் படவே இல்லை. ஆகையால் உள்ளே நடப்பதை வெளியே அறிவிக்கக் காற்றாடிகளைப் பறக்கவிட்டார்கள். இன்ன கட்சி இத்தனை கோல் என்று எழுதிய காகிதம் வானத்தில் ஏறும், தூரத்தில் நிற்பவர்கள் அண்ணாந்து வாசிப்பார்கள். இரண்டாவது பாதியில் பட்டாளத்தார் முதல் கோலைப் போட்டபோது, அந்தச் செய்தியையும் காற்றாடிதான் ஏந்திச் சென்றிருக்கும். சற்று நேரத்தில் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். முடிவதற்குச் சில நிமிஷங்களே இருக்கையில் அவர் பந்தைக் கடத்திக் கொடுக்க, அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். கேடயம் முதன்முதலாக இந்தியர் கைக்கு வந்தது.

அந்தக் கணத்தில், ஆடியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும், பார்க்க முடியாமல் காற்றாடியை வாசித்தவர்களுக்கும் கிடைத்தது ஒரே பலன்தானா? பதினொருவருக்குக் கிடைத்தது ஒரு கேடயம். மைதானத்தைச் சுற்றி நின்றவர்களுக்குக் கிடைத்தது, பிளாசி யுத்தத்துக்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டாக இழந்திருந்த ஏதோ ஒன்று. அதை அந்தப் பதினொருவர் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் என்று எண்ணியிருந்தாலும் கொடுத்திருக்க முடியாது; ஏனெனில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் நடுவே புகுகிறவனுக்கு அந்த நிமிஷத்தில் தேசம் இல்லை, சரித்திரம் இல்லை, இடப்பக்கம் ஓடிவருகிற தோழன் மாத்திரமே இருக்கிறான். அவர்கள் போட்ட கோல், அவர்களுடைய காலை விட்டுப் புறப்பட்டவுடன் அவர்களுடைய சொத்தாக இல்லாமல் போய்விட்டது. வலையைக் கிழித்து, கூட்டத்தைத் தாண்டி, நூலில் ஏறி, கண்ணால் காணாதவர்களுடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

பலனில் உனக்கு அதிகாரம் இல்லை என்று கண்ணன் அர்ஜுனனுக்குச் சொன்னதை நாம் பெரும்பாலும் ஒரு கட்டளையாகவே வாசித்து வந்திருக்கிறோம்: ஆசைப்படாதே, ஆசைப்பட்டால் பாவம் என்பதுபோல. அது கட்டளை அன்று, உள்ளதை உள்ளபடி சொன்ன செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது. நீ விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பலன் உன்னுடையதாக இருப்பதில்லை. அது யாரிடம் போகும், எந்த ரூபத்தில் போகும், எத்தனை காலம் கழித்துப் போகும் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் செய்தவனுக்கு இல்லை. கால்பந்து மைதானத்தில் இது தொண்ணூறு நிமிஷத்துக்குள் கண்ணெதிரே நிரூபணமாகிவிடுகிறது. குடும்பத்திலும் ராஜ்யத்திலும் நிரூபணமாக ஓர் ஆயுள் பிடிக்கிறது. சுவாமிகள் இதை மனத்தில் வைத்துச் சொன்னார் என்று நான் வாதிக்கவில்லை. ஆனால் அவருடைய வாக்கியம் அவர் எண்ணிய இடத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதும் இல்லையே.

கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்திலிருந்து மலைக்குப் போகிற சாலையில் உள்ள எங்கள் காளப்பநாயக்கன்பட்டியில், கல்கத்தா மைதானத்தின் ஆரவாரம் எதுவும் கிடையாது. குச்சிக்கிழங்குக் காட்டையும் கடலைக்காட்டையும் தாண்டி ஒரு மேட்டு நிலம். அங்கே பையன்கள் தங்கள் செருப்பைக் கழற்றி இருபுறமும் இரண்டிரண்டாக வைத்துக் கோல் கம்பமாக்கிக்கொள்வார்கள். காலில் அணிந்துகொள்ள வேண்டிய தோல் தரையில் எல்லையாகக் கிடக்க, வெறுங்கால்கள் ஆடும். பந்து இரண்டு செருப்புக்கு மேலாகப் போய்விட்டால் அது கோலா அல்லவா என்று வழக்கு வரும். கம்பம் இல்லாத கோலுக்கு உயரம் எது என்பது உண்மையிலேயே ஒரு தர்க்கப் பிரச்சினை, அதைத் தீர்ப்பது பெரும்பாலும் பந்துக்குச் சொந்தக்காரன். பக்கத்து ஊரோடு பந்தயம் என்று ஒரு நாள், இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் வழியில் உள்ள மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்திவிட்டு வந்திருந்தார்கள். ஆடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே வந்தவர், என்னிடம், “ஏனுங்க, ரெண்டு ஊருப் பசங்களும் ஒரே ஆத்தாகிட்டத்தான சூடம் பத்த வெச்சாங்க, ஆத்தா எந்தப் பக்கமுங்க நிப்பா?” என்று கேட்டார். நான் விடை தேடிக்கொண்டிருக்கையிலேயே, முழங்காலில் மண்ணைத் தடவிக்கொண்டிருந்த ஒரு பொடியன், “ஆத்தா வந்து கோல் போடமாட்டாளுங்க தாத்தா, நாங்கதான் போடோணும்” என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அப்படியானால் சூடம் எதற்கு என்று அவனைக் கேட்கத் தோன்றியது. கேட்டிருந்தால் அவனுக்கும் ஆட்டம் தவறியிருக்கும், எனக்கும் பயன் இருந்திராது. ஆனால் அந்தப் பெரியவருடைய கேள்வியை எந்தச் சமயமும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. எதிர் எதிரான இரண்டு பிரார்த்தனைகளையும் ஒரே தெய்வம் கேட்கிறது என்றால், ஒன்றை நிறைவேற்றி மற்றொன்றைக் கைவிடுவது பட்சபாதம் ஆகாதா? சைவ சித்தாந்திகள் இவ்வகைக் கேள்விக்கு, இறைவன் வினைக்கு ஈடாகப் பலனைக் கூட்டுவிக்கிறான், அவனுக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்று விடை சொல்வார்கள். அதோடு நில்லாமல் இருவினையொப்பு என்ற ஓர் அற்புதமான நிலையையும் சொல்வார்கள். நல்வினை தீவினை இரண்டும் அளவில் சமமாவது அது என்று ஒரு சாராரும், அவற்றின் பயன்களான இன்பதுன்பங்களை ஆன்மாவின் அறிவு சமமாக ஏற்பது அது என்று மற்றொரு சாராரும் பொருள் கொண்டார்கள். எனக்கு இரண்டாவது பொருளே உவப்பு. அந்த ஒப்பு வந்த இடத்தில்தான் மலம் பக்குவப்பட்டு அருள் பதியும் என்பது சித்தாந்தம்.

இந்த ஒப்பைப் பலர் அலட்சியம் என்று தவறாக எண்ணுகிறார்கள். வெற்றியும் தோல்வியும் ஒன்றுதானே என்று சொல்லிக்கொண்டு மைதானத்தில் நடந்து திரிகிறவனை யாரும் ஞானி என்று சொல்லமாட்டார்கள்; அவனோடு ஆடுவதைவிட ஆடாமல் இருக்கலாம் என்பார்கள். அரைமனத்தோடு ஆடுகிறவன் எதிரியை அவமதிக்கிறான்; தன் முழு வலிமையையும் எதிர்த்து நிற்க ஒருவன் கிடைத்தால்தானே மற்றவனுடைய வலிமையும் வெளிப்படும்! ஆகவே ஊதல் ஒலிக்கும் வரையில் பலனை முழு நெஞ்சோடு வேண்ட வேண்டும். ஒலித்த மாத்திரத்தில் கையை விட்டுவிட வேண்டும். வேண்டுவதில் குறைவும் கூடாது, விடுவதில் தயக்கமும் கூடாது. மலைமேல் அறப்பளீசுவரர் சந்நிதியில் கண்ணை மூடி நின்று ‘எல்லாம் உன் செயல்’ என்று சொல்வது சுலபம். ஒரு கோல் பின்தங்கி நிற்கையில் ஓடுகிற காலோடு அதை அறிவது சுலபமன்று. துறவியும் விடுகிறான் என்பது மெய்தான். ஆனால் அவன் வேண்டுவதற்கு முன்பே விட்டுவிடுகிறபடியால், விட்டது எவ்வளவு என்பது அவனுக்கே தெரிய வழியில்லை. காளப்பநாயக்கன்பட்டிப் பையன் வேண்டியது எவ்வளவு என்பதை அவன் முழங்கால் காட்டுகிறது. அன்று தோற்றுப்போன பிறகு, ஜெயித்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே குழாயடியில் நின்று அவன் தண்ணீர் குடித்ததையும் நான் பார்த்தேன். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எவனுடைய கணுக்காலை உதைத்தானோ, அவனுக்காகக் குழாயின் கைப்பிடியை அவனே அடித்துக்கொண்டிருந்தான்.

விட முடியாமல் போவது பார்க்கிறவர்களுக்குத்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. 1911-இல் கல்கத்தாவின் ஜனங்கள் அந்த வெற்றியை விட்டிருந்தால் அவர்கள் கல்லாக இருந்திருக்க வேண்டும். அதே வருஷம் டிசம்பரில் டில்லி தர்பாரில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வங்கப் பிரிவினையை ரத்து செய்தார். கூடவே தலைநகரத்தையும் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றிவிட்டார். முன்னது சந்தோஷம், பின்னது நஷ்டம். கால்பந்து கொண்டுவந்த பலன் இது என்று யாரேனும் சொன்னால் சிரிப்புக்கு இடமாகும். ஆனால் ஜனங்களுடைய மனத்தில் இவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. தோற்ற யார்க்ஷயர் பட்டாளத்தாரையும் இங்கே நினைக்கலாம். கப்பலேறி வந்து, சாம்ராஜ்யத்தின் கௌரவம் என்று யாரோ சுமத்திய பாரத்தையும் சேர்த்துக்கொண்டு ஆடிய சாமானிய சிப்பாய்கள் அவர்கள். மூன்று வருஷத்தில் ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டு, அந்த ரெஜிமெண்டையும் அகழிகளுக்கு அழைத்துக்கொண்டது. அங்கே ஊதல் ஒலித்தது ஆட்டம் முடிந்தது என்பதற்காக அன்று.

கேடயப் போட்டி முடிந்த சாயங்காலம் ஒரு முதியவர், கோட்டையின்மேல் பறந்த யூனியன் ஜாக் கொடியைக் காட்டி, இதை ஜெயித்துவிட்டீர்கள், அது எப்போது இறங்கும் என்று ஆட்டக்காரர்களைக் கேட்டதாகவும், மறுபடி இந்தக் கேடயத்தை நாங்கள் ஜெயிக்கும்போது என்று பதில் கிடைத்ததாகவும் வங்காளத்தில் ஒரு கதை வழங்குகிறது. கதை உண்டானது முன்னா பின்னா என்ற ஆராய்ச்சியை விட்டுவிடலாம். மோகன் பகான் அடுத்தபடியாக அக்கேடயத்தை ஜெயித்தது 1947-இல் என்பது மாத்திரம் நிச்சயம். அந்த வருஷத்துக் கடைசிப் போட்டியில் எதிரே நின்றது பட்டாளம் அல்ல, கீழை வங்கத்தின் பெயரையே தாங்கிய ஈஸ்ட் பெங்கால் சங்கம். 1911-இல் ஆடிய பதினொருவரில் பெரும்பாலோருக்குச் சொந்த ஊர் அந்தக் கீழை வங்கந்தான். கொடி இறங்கிய அதே ஆகஸ்டில் அந்த ஊர்கள் எல்லைக்கு அப்பாலான வேறொரு தேசமாகிவிட்டன.